தண்ணீர் போக விட்ட ஓட்டை

மடவளை
13.10.2024

மகளுடைய வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வெட்டினீர்கள். முந்தாநாளும் அப்படித்தான். அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனிப் போனில் மகளைப் பற்றியும் மாமியின் சுகத்தைப் பற்றியும் மட்டும் பேசுவோம். வேன் கதையென்றால் கடிதம்தான். வட்ஸ்அப்பில் எழுதினால் பாதியை வாசித்துவிட்டு ஒரு வொய்ஸ் அனுப்புவீர்கள். கடிதத்தை நடுவில் வெட்ட ஏலாது. இப்திகார் நானா லீவு முடிந்து டோஹாவுக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். வேனுக்குள் தண்ணீர் ஆடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பொல்கொல்லைப் பாலத்தடியில் நான் பிரேக் பிடித்தால், காலடியில் சளக் சளக் என்று கேட்கிறது. இடது பக்கம், இழுக்கிற கதவுக்குக் கீழே. முதலில் யாரோ ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் என்று நினைத்தேன். எல்லாப் பைகளையும் தேடிவிட்டேன். மழை பெய்த மறுநாள் சத்தம் கூடுகிறது. பாயிஸாவின் மகன் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டான். "வேன் ஆன்டி, இன்னொரு தரம் பிரேக் பிடிங்களே, கடல் சத்தம் கேட்போம்" என்கிறான். மற்றப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைச் சொன்னதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பொம்புளைகளுக்கு வண்டியில எல்லாச் சத்தமும் கேட்கும்" என்று. பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ரூமில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் என்னோடு பேசுகிறீர்களா?

எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். நீங்கள் போவதற்கு முதல் நாள் பல்லேகலையில் உங்கள் கூட்டாளி பவாஸின் கராஜில் வேனுக்கு அடியில் அந்தக் கறுப்புப் பூச்சு அடித்தீர்களே, அண்டர்கோட், அப்போது என்ன செய்தீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

மகள் சுகம். மாமிக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது.

ஜஹானா


டோஹா
29.10.2024

ஜஹானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

கடிதமாம்! பெண் பேசி முடித்து ஒரு வருசம் காத்திருந்த காலத்தில்கூட நீ எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போது வேனுக்காக எழுதுகிறாய். இப்திகார் உறையைத் தந்தபோது உம்மாவுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்துபோனேன். திறந்து பார்த்தால் சளக் சளக்.

சரி, கேட்டாய், சொல்கிறேன். அந்த வேன் எனக்கு இன்னொரு பிள்ளை மாதிரி என்று உனக்குத் தெரியும். திருகோணமலைக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு வந்தோமே, அந்த உப்பு போகட்டும் என்று அடிப்பக்கத்தை நானே பைப் பிடித்துக் கழுவினேன். தூறிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் பிளைட், காய வைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. பவாஸ் கம்பிரஷரில் காற்றடித்தான், பிறகு பூச்சு அடித்தோம். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். கதவுக்குக் கீழே ஓடுகிற, உள்ளே வெறுமையான இரும்புச் சட்டத்தின் அடியில் நெடுகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. சேறும் தண்ணீரும் அதற்குள்ளால் ஏறித்தான் இரும்பு கறள் பிடிக்கிறது என்று, ஒவ்வொன்றையும் என் விரலாலேயே தார்ப்பசை வைத்து அடைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அப்படிச் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நகத்துக்குள் இருந்த கறுப்பு இங்கே வந்தும் ஒரு மாதம் போகவில்லை.

அந்தப் பூச்சில் யாரும் கை வைக்கக்கூடாது. கீறக்கூடாது, குத்தக்கூடாது. கராஜ்காரன் எவனாவது "பார்ப்பம்" என்று வந்தால் விரட்டு. ஒரு இடத்தில் கீறினால் எல்லாம் போச்சு.

சத்தம் வருகிறதென்றால் நீ ஓட்டுகிற விதத்தில் பிழை இருக்கும். பலாமரத்துக்குக் கீழே புல்லில் நிறுத்துகிறாய் என்று உம்மா சொன்னா. புல்லில் நிறுத்தினால் ஈரம் பிடிக்காமல் என்ன செய்யும்? மழைக்குள் குழிகளைப் பார்க்காமல் விடுகிறாய் என்றும் கேள்வி. நான் முதலே சொன்னேன், இது உனக்குத் தேவையில்லாத வேலை. கடை வீதியில் நாலு பேர் கதைக்கிறார்கள். பவாஸ் ஒரு டிரைவரைப் பார்த்து வைத்திருக்கிறான், நல்ல மனிதன். வேனை அவனிடம் கொடுத்துவிட்டு நீ வீட்டில் இரு.

ஸ்பீக்கரில் போடவில்லை. சுவர் மெல்லிசு, எல்லாருக்கும் கேட்கும்.

பாரூக்


மடவளை
17.11.2024

மகளுடைய வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்து முடித்த கையோடு ஒரு உரப் பையை விரித்து வேனுக்கு அடியில் போய்ப் படுத்தேன். மாமி கதவடியில் நின்று, "அல்லாஹ்வே, ரோட்டால ஆக்கள் போறாங்க புள்ள, எழும்புங்க" என்று கத்தினா. போனால் போகட்டும்.

நீங்கள் விரலால் அடைத்த இடங்கள் நன்றாகவே தெரிகின்றன. உங்கள் விரல் அடையாளம்கூட இருக்கிறது. கதவுக்குக் கீழே இருந்த ஒன்றில் என் ஸ்கார்ஃப் ஊசியைக் கழற்றிக் குத்தினேன். ஆம், குத்தினேன். நீங்கள் குத்தக்கூடாது என்று எழுதிய பிறகுதான் குத்தினேன். முதலில் ஒரு சொட்டு வந்தது. ஊசியை ஆட்டி எடுத்தேன். பிறகு பைப் திறந்த மாதிரி என் கைக்கு மேலால் ஊற்றியது. பிளேன்டீ நிறம், அழுகிய நாற்றம். மற்ற ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகக் குத்தினேன். எல்லாவற்றிலும் தண்ணீர்!

கதவு இடுக்காலும் கண்ணாடி இடுக்காலும் மழைத் தண்ணீர் அந்தச் சட்டத்துக்குள் இறங்குகிறது. எல்லா வண்டியிலும் இறங்குமாம். இறங்கிய தண்ணீர் வெளியே போகத்தான் வேனைச் செய்தவன் அடியில் ஓட்டை விட்டிருக்கிறான். நீங்கள் ஒரு சொட்டு உள்ளே போகாமல் அடைக்கவில்லை. ஒரு சொட்டும் வெளியே வராமல் அடைத்திருக்கிறீர்கள். அதுவும் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடி! பிறகு புல்லில் நிறுத்தினேன், குழியில் விட்டேன் என்று எனக்கே எழுதுகிறீர்கள்.

அன்றைக்கே, வண்டித் தகட்டு வேலை செய்கிற சுதேஷ் பாஸிடம் கொண்டுபோனேன். பூச்சு மேலே புதிது போல மினுங்கிக்கொண்டிருந்தது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டங் டங் என்று கேட்டது. இழுக்கிற கதவுக்குக் கீழே வந்ததும் சத்தமே இல்லை. இன்னொரு தட்டு. சுத்தியல் தலை முழுவதாக உள்ளே போய்விட்டது. "நோனா, இதில புள்ளைகள் ஏத்தவாணாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த இடத்துக்கு மேலே எந்த சீட் என்று தெரியுமா? இடது பக்கம், கதவோடு ஒட்டிய சீட். பாயிஸாவின் மகனும் நம் மகளும் சண்டை பிடித்துப் பிடித்து உட்காருகிற இடம். அந்த சீட்டின் கால் அந்தச் சட்டத்தில்தான் பூட்டியிருக்கிறது.

வேனை நிறுத்திவிட்டேன். வீடு வீடாகப் போய் உம்மாமாரிடம் சொன்னேன். இப்போது பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் வரை போய் அங்கிருந்து நடக்கிறார்கள். பாயிஸா திட்டுவாள் என்று நினைத்தேன். "உண்மையச் சென்னதே பெரிய விசயம் ஜஹானா, வேற யாரும் செல்ல மாட்டாங்க" என்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது நான் கேட்க வந்தது. நேற்றுப் பவாஸ் வந்தார். வேனுக்கு அடியில் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "இதென்ன தங்கச்சி, பேஸ்ட் வெச்சு அடைச்சு மேலால இன்னொரு கோட் அடிச்சா யாருக்கும் தெரியாது. வெளியூர் ஆள் ஒருத்தருக்குத் தள்ளிவிடுவம். பாரூக்கிட்டயும் பேசிட்டன், சரின்டு சென்னான்" என்கிறார்.

சரி என்று சொன்னீர்களா? பிள்ளைகளை ஏற்றுகிற வேன். நம்முடைய பிள்ளை விழக்கூடாது, வேறு ஒருவருடைய பிள்ளை விழலாமா? சொன்னீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொலித்தீன் பையில் வைத்திருப்பது உங்கள் இன்னொரு பிள்ளையின் எலும்பு. சட்டத்துக்குள்ளிருந்து கையால் அள்ளிய கறள் துண்டுகள்.

ஜஹானா


டோஹா
6.12.2024

ஜஹானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

அந்தப் பையை ரூமில் எல்லாருக்கும் முன்னால் திறந்தேன். ஊரிலிருந்து மாசிக் கருவாடு வந்திருக்கிறது என்று ஒருவன் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். நல்லவேளை, வாயில் போடவில்லை. அப்படியா ஒரு புருசனுக்கு அனுப்புவது? என்ன, எனக்குப் புத்தி வரட்டும் என்றா?

சொன்னேன்தான். சரி என்று சொன்னேன். இல்லை என்று எழுத எனக்கு ஏலாது. ஆனால் நீ இப்படிக் குதிக்கிற அளவுக்கு அது உலகத்தில் இல்லாத காரியமா? நமக்கு வேனை விற்றவன் நேர்மையாகவா விற்றான்? கியர் பெட்டியின் சத்தத்தை மறைக்க அதற்குள் வாழைப்பழம் பிசைந்து போட்டல்லவா விற்றான்! நான் எவனிடம் போய் நியாயம் கேட்டேன்? வாங்குகிறவன் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எல்லாரும் இப்படித்தான் விற்கிறார்கள். உன் புருசன் மட்டும் கள்ளனா?

அதைவிட எனக்குக் கொதிக்கிறது வேறு. வீடு வீடாகப் போய்ச் சொன்னாயாமே. பாரூக் ஓட்டையை அடைத்துக் கெடுத்துவிட்டான் என்று இப்போது மடவளை முழுக்கத் தெரியும். இங்கே இப்திகார்கூட என்னைப் பார்த்தால் "சளக் சளக்" என்கிறான். நான் ஊருக்கு வந்தால் எந்த முகத்தோடு பள்ளிவாசலுக்குப் போவது?

வெள்ளிக்கிழமை யார்டில் வேலை இல்லை. எங்கள் கம்பனி லொறிகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஓட்டைகள் எல்லாம் திறந்துதான் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிற நேபாளக்காரனிடம் கேட்டேன். அடைப்பார்களா என்று கேட்டதற்கு அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். சரி. அதை எழுதிவிட்டேன். போதுமா?

ஆனால் நீ ஒன்றை நினைத்துப் பார்க்கவில்லை. அன்றைக்குத் தூறலில் முதுகு நனைய நனைய நான் அங்கே படுத்துக் கிடந்தது எதற்காக? அடுத்த நாள் நான் போகிறேன். நீ ஓட்டப் போகிறாய், மகள் ஏறப் போகிறாள். உங்கள் இரண்டு பேருக்கும் நான் இருந்து செய்யக்கூடிய காவல் ஒன்றும் இல்லை. அதுதான் ஓட்டை ஓட்டையாய் அடைத்தேன். எனக்குத் தெரிந்த அளவு செய்தேன். அதை நீ ஊசியால் குத்திக் குத்தி எடுத்தாய் என்று வாசிக்கும்போது எனக்கு எப்படி இருக்கும்?

கடைசியாகச் சொல்கிறேன். வேனைக் கொடுத்துவிடு. என்னிடம் இருந்த மற்றச் சாவி பவாஸிடம்தான் இருக்கிறது, அவன் வந்து எடுப்பான். தடுக்காதே. நீ வீட்டில் இருந்தாலே எனக்கு இங்கே நித்திரை வரும்.

பாரூக்


மடவளை
30.12.2024

மகளுடைய வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பவாஸ் வந்து வேனை எடுத்துவிட்டார். நான் மாமியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் பலாமரத்தடி வெறுமையாகக் கிடக்கிறது. அவருக்குப் போன் எடுத்துக் கேட்டால், "சும்மா கழுவத்தான் தங்கச்சி" என்றார். மாமியை வீட்டில் விட்டுவிட்டு ஒரு த்ரீவீல் பிடித்துப் பல்லேகலைக்குப் போனேன்.

போன நேரம் சரியாகத்தான் இருந்தது. வேன் மினுங்கிக்கொண்டு நிற்கிறது. அடியில் புதுக் கறுப்பு, இன்னும் மணம் போகவில்லை. தெல்தோட்டையிலிருந்து ஒருவர் வந்திருந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்க வேன் தேடுகிறாராம். அவர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்காங்கம்மா, அடியெல்லாம் புதுசு மாதிரி இருக்கு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இழுக்கிற கதவைத் திறந்து, அதே சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. "தங்கச்சி, நீங்க இறங்குங்க" என்றேன். பவாஸின் மேசையில் கிடந்த சுத்தியலை எடுத்தேன். "இதென்ன செய்றீங்க!" என்று அவர் ஓடிவருகிறார். "எங்கட வேனுக்கு நான் என்னவும் செய்வன், நீங்க அங்கால நில்லுங்க" என்றேன். கதவுக்குக் கீழே ஒரே ஒரு அடி. பேஸ்ட்டும் பூச்சும் சேர்ந்து உடைந்து என் காலில் விழுந்தன. சுத்தியல் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது, இழுத்தும் வரவில்லை.

தெல்தோட்டைக்காரர் அந்த ஓட்டையையும் பார்த்தார், தன் மனைவி இருந்த சீட்டையும் பார்த்தார். பிறகு பவாஸிடம், "ஏங்க, இதுலதான் எங்க பிள்ளைங்கள ஏத்தச் சொன்னீங்களா?" என்றார். சத்தம் போடவில்லை, சும்மா கேட்டார். எனக்கு வெட்கத்தில் தலை நிமிர்த்த முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி உங்களுக்கும் சேர்த்துத்தான். எல்லாரும் இப்படித்தான் விற்கிறார்கள் என்று எழுதினீர்களே, அதை அவருக்கு முன்னால் நின்று உங்களால் சொல்ல முடியுமா?

போகும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வேற நல்ல வேன் தெரிஞ்சா சொல்லுங்க" என்று நம்பரைத் தந்துவிட்டுப் போனாள். பவாஸிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டேன். தர மறுத்தார். தரும்வரை கராஜ் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். கஸ்டமர்கள் வரத் தொடங்கியதும் தந்துவிட்டார். இனி இரண்டு சாவியும் என்னிடம்தான்.

வேனைச் சுதேஷ் பாஸிடம் விட்டேன். உக்கின சட்டத்தை முழுக்க வெட்டி எடுத்து, கனமான தகடு வளைத்து வெல்டிங் வைத்துவிட்டார். உங்கள் பூச்சை நான்தான் சுரண்டி எடுத்தேன், பக்கத்தில் மகள் கரண்டியோடு. மழை விட்ட நாட்களாகப் பார்த்துக் காயவைத்தோம். நன்றாகக் காய்ந்த பிறகுதான் கறள் தடுக்கிற மருந்தும் தீந்தைப் பூச்சும் அடித்தார். சட்டத்துக்குள்ளே பைப் விட்டு மெழுகு எண்ணெய் அடித்தார். ஓட்டை ஒவ்வொன்றும் திறந்திருக்கிறது. இனி யாரும் ஆசையில் அடைத்துவிடாமல், ஒவ்வொன்றையும் சுற்றி நான் வெள்ளைத் தீந்தையால் வட்டம் போட்டிருக்கிறேன்.

நேற்று நல்ல மழை. பொல்கொல்லை வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். அடியில் எல்லா வட்டத்தாலும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மகள் குந்தியிருந்து கடைசிச் சொட்டு விழும்வரை பார்த்தாள். பிறகு பிரேக் பிடிக்கச் சொன்னாள். ஒரு சத்தமும் இல்லை.

தூறலில் எங்களுக்காகப் படுத்துக் கிடந்தேன் என்று எழுதினீர்கள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அது எனக்குத் தெரியாததில்லை. அதற்காகத்தான் இவ்வளவு கோபம் வந்தும் நான் வெளியில் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய் வேன் உக்கிப்போச்சு என்றுதான் சொன்னேன். ஓட்டையை அடைத்தது யார் என்று சொல்லித் திரிந்தது உங்கள் பவாஸ். போய் அவரிடம் கேளுங்கள்.

ஆனால் காவல் என்று சொல்லி என்னை வீட்டில் இருக்கச் சொல்லாதீர்கள். நான் வீட்டில் இருந்திருந்தால், பவாஸ் பார்த்த அந்த நல்ல டிரைவர் ஓட்டியிருப்பார், சத்தம் கேட்டிருக்கும், பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டியிருப்பார். அந்த சீட்டில் நம் மகள் இருந்திருப்பாள். பொம்புளைகளுக்கு வண்டியில் எல்லாச் சத்தமும் கேட்கும் என்றீர்கள். ஆம், கேட்டது. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கிறது. பிள்ளைகளின் உம்மாமார் எல்லாரும் திரும்ப வருகிறார்கள், நான் யாரையும் கூப்பிடவில்லை. நான்தான் ஓட்டுவேன்.

நீங்கள் மார்ச்சில் லீவில் வருகிறீர்கள் என்று மாமி சொன்னா. ஏர்போர்ட்டுக்கு அந்த வேனில்தான் வருவேன். வந்ததும் முதல் வேலையாக, நல்ல உடுப்பென்று பார்க்காமல் அடியில் படுத்துப் பாருங்கள். பார்த்து முடிந்ததும் முன் சீட்டுக்கு வரவேண்டாம், அங்கே மாமி இருப்பா. பின்னால் ஏறி, இடது பக்கம், கதவோடு ஒட்டிய சீட்டில் உட்காருங்கள். கடுகண்ணாவை மலை வளைவுகள் எல்லாவற்றையும் அதில் இருந்துகொண்டே ஏறி வாருங்கள்.

ஜஹானா